சுவிட்ச் சுவரிலேயே இருக்கட்டும்: வீட்டு ஆட்டோமேஷன், ஓர் எளிய அறிமுகம்

உங்கள் வீட்டு ஃப்ளஷ் டேங்கின் மூடியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மிதவை இருக்கும். தண்ணீர் ஏற ஏற அதுவும் மேலே வரும். ஓர் அளவுக்கு வந்ததும் தண்ணீர் நுழையும் வழியை அடைத்துவிடும். கரண்ட் கிடையாது, வைஃபை கிடையாது, ஆப் கிடையாது. ஆனால் வீட்டு ஆட்டோமேஷன் என்று இன்று கடையில் விற்கும் சாமான்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த மிதவைதான்.

இதில் மூன்று காரியம் நடக்கிறது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, போதுமா போதாதா என்று முடிவெடுப்பது, வழியை அடைப்பது. ஸ்மார்ட் பல்பு, தானாக நிற்கும் மோட்டார், ஆள் வந்தால் எரியும் விளக்கு எல்லாமே இந்த மூன்றுதான். சென்சார் கவனிக்கும், ஒரு சின்னக் கணினி முடிவெடுக்கும், ரிலேயோ (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) வால்வோ செய்து முடிக்கும். யோசனையும் ரொம்பப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த டெசிபியஸ் என்பவர் தண்ணீர்க் கடிகாரத்தில் மட்டம் மாறாமல் இருக்க மிதவையைத்தான் பயன்படுத்தினார்.

சரி, அந்த மிதவையைப் பற்றி நீங்கள் கடைசியாக எப்போது யோசித்தீர்கள்? யோசித்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு அதை யாரும் சொல்லித்தருவதில்லை. பழுதானால் சலசலவென்று சத்தம் கேட்கும், பக்கத்தில் இருக்கும் குழாயைக் கையால் மூடிவிடலாம். எந்த பிராண்டு வாங்கலாம், எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் இந்தக் கட்டுரையில் தேடாதீர்கள். அந்த மிதவை மாதிரி, வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி தருகிற ஆட்டோமேஷனை எப்படி யோசிப்பது என்பதை மட்டும் பார்க்கலாம்.

மோட்டார் போட்டாச்சா?

எங்கள் தஞ்சாவூர் வீட்டில் அம்மாவுக்கு நாளைக்கு இரண்டு முறை ஒரே கவலை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்த வேண்டும். நடுவில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் மறந்துபோகும். மொட்டை மாடி டேங்க் நிரம்பி வழிந்து சன்ஷேடில் சடசடவென்று கொட்டும். எதிர் வீட்டிலிருந்து "தண்ணி வழியுது பாருங்க" என்று குரல் வரும்.

மோட்டார் போடுவது ஒரு வேலையே இல்லை, ஒரு சுவிட்ச்தான். அரை மணி நேரம் அதை மனதில் சுமந்துகொண்டு திரிவதுதான் வேலை. அந்த அரை மணி நேரம் குளிக்கப் போக முடியாது, கண்ணயர முடியாது, சீரியலில் முழுக் கவனம் வைக்க முடியாது. எதை ஆட்டோமேட் செய்யலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் கை செய்யும் வேலையைத்தான் கணக்கெடுக்கிறார்கள். ஃபேன் சுவிட்சைப் போட எழுந்து போவது, திரைச்சீலையை இழுப்பது, இப்படி. அதெல்லாம் நமக்குப் பெரிய பாரமே இல்லை. ‘மறந்துடக் கூடாதே’ என்று மனம் பிடித்து வைத்திருக்கும் விஷயங்கள்தான் பாரம். கேஸை மூடினோமா, கீசரை அணைத்தோமா, வாசல் கதவைப் பூட்டினோமா. முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

வாட்டர் லெவல் கன்ட்ரோலர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் மற்ற எல்லாக் கருவிகளும் புரிந்துவிடும். டேங்கில் மேலே ஒரு சென்சார், கீழே ஒரு சென்சார். தண்ணீர் கீழ் சென்சாருக்கும் கீழே இறங்கினால் மோட்டார் ஓடும், மேல் சென்சாரைத் தொட்டால் நிற்கும். ஏன் இரண்டு? ஒன்று போதாதா? ஒன்றே ஒன்று இருந்தால், நீங்கள் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்ததும் மட்டம் இறங்கி மோட்டார் ஓடும், மறு நிமிடமே நிற்கும், அடுத்த சொம்புக்கு மறுபடி ஓடும். மோட்டாருக்கும் கேடு, காதுக்கும் கேடு. ஃப்ரிட்ஜ், ஏசி, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றிலும் இப்படி ‘போடு’வுக்கும் ‘நிறுத்து’வுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். கீழே சம்ப்பிலும் ஒரு சென்சார் இருக்கும். சம்ப் காலியாக இருந்தால் மோட்டாரை ஓட விடாது. தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடினால் காயில் புகைந்துவிடும் அல்லவா, அதற்காக. போர் மோட்டார் என்றால் அது இழுக்கும் ஆம்பியரைப் பார்த்தே தண்ணீர் வருகிறதா, சும்மா சுற்றுகிறதா என்று கண்டுபிடிக்கும் கன்ட்ரோலர்கள் இருக்கின்றன.

நான் மாட்டியதில் தொழில்நுட்பம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முதல் வாரமே இரவு இரண்டு மணிக்கு மோட்டார் உறுமியது. டேங்க் கீழ் மட்டத்துக்கு வந்துவிட்டது, விதிப்படி அது ஓடியது, அவ்வளவுதான். தூக்கம் போனது மூன்று பேருக்கு. அப்புறம் ஒரு விதி சேர்த்தோம்: இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை மோட்டார் தானாக ஓடக் கூடாது, படுக்கப் போகும் முன் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும். நல்ல ஆட்டோமேஷனின் பாதி வேலை இதுதான். டேங்கின் நிலை கருவிக்குத் தெரியும், வீட்டின் நிலை அதற்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்மார்ட் சுவிட்சை நேராக மோட்டாருக்குக் கொடுக்காதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். உள்ளே இருக்கும் குட்டி ரிலே சூட்டில் ஒட்டிக்கொண்டால் ஆப்பில் ‘ஆஃப்’ என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். நடுவில் ஒரு கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

அப்பாவும் பாத்ரூம் விளக்கும்

அப்பாவுக்கு எழுபத்தி நான்கு. இரவில் இரண்டு முறை எழுந்திருப்பார். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு எட்டு தப்படி, நடுவில் ஒரு நிலைப்படி. வயதானவர்கள் வீட்டுக்குள்ளேயே விழுவதற்கு இந்த எட்டு தப்படியே போதும். எனவே ஆள் நடந்தால் எரியும் விளக்கு ஒன்றைக் கூரையில் மாட்டினேன். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம். பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அப்பா கேட்டார்: "ஏன்டா, நான் ஒண்ணுக்குப் போறதுக்குக் கல்யாண மண்டபம் மாதிரி லைட்டு எரியணுமா? அதுக்கப்புறம் தூக்கமே வரல."

அவர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. நம் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இருக்கும் செல்கள் போக, இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை தாமாகவே வெளிச்சத்தை உணர்கின்றன என்பதை 2002இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சனின் குழு காட்டியது. இந்தச் செல்கள் நீல ஒளிக்குத்தான் அதிகம் பதில் சொல்லும், சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பட்டால் ‘விடிந்துவிட்டது’ என்று செய்தி போகும், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்செய்யும் மெலட்டோனின் சுரப்பு குறையும். நம் ஊர்க் கடையில் எல்இடி பல்பு கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் ‘கூல் டே லைட்’ என்று போட்டிருக்கும் 6500 கெல்வின் (இந்த எண் கூடக் கூட வெளிச்சத்தில் நீலம் கூடும்). பகலில் படிக்க நல்லது. நடுராத்திரிக்கு அது எதிரி. மஞ்சள் சாயல் கொண்ட 2700 கெல்வின் பல்பு அதே கடையிலேயே கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணுக்கு வயதாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதுமையில் கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. தெளிவாகப் பார்க்க இளைஞர்களைவிட அதிக வெளிச்சம் வேண்டும். ஆனால் இருட்டிலிருந்து பளிச்சென்று மாறினால் கண் பழக நேரமாகும், கண் கூசுகிற நேரத்தில்தான் கால் இடறும். அதனால் வெளிச்சத்தை முகத்துக்கு மேலிருந்து காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனோம். கட்டிலுக்கு அடியில் ஒரு எல்இடி பட்டை, நிலைப்படி ஓரமாக இன்னொன்று. மங்கலான மஞ்சள். இரவு 10 மணிக்குப் பிறகுதான் சென்சாருக்கு உயிர் வரும். அப்பா காலைத் தரையில் வைத்தால் தரை தெரியும், அறை தூங்கிக்கொண்டேயிருக்கும். அம்மாவும்.

இதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால், விடிய விடிய எரியும் ஜீரோ வாட்ஸ் பல்பு. பெயரில்தான் ஜீரோ, பழைய குண்டு பல்பு வகை 12, 15 வாட் வரை இழுக்கும். ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஒருநாளும் சென்சார் பழுதாகி இருட்டில் விட்டதில்லை.

ஆளைக் கண்டுபிடிக்கும் சென்சாரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதிக் கோபம் இதனால்தான் வருகிறது. மலிவாகக் கிடைப்பது பிஐஆர் வகை. நம் உடம்பின் வெப்பம் அகச்சிவப்புக் கதிராக வெளிவருகிறது. அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதைத்தான் இந்தச் சென்சார் பார்க்கிறது. ஆள் இருப்பது அதற்குத் தெரியாது, ஆள் அசைவது மட்டும் தெரியும். பாத்ரூமில் செய்தித்தாளோடு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் விளக்கு அணைந்து, கையை ஆட்ட வேண்டியிருப்பது இதனால்தான். இன்னொரு சங்கடம் நம் ஊருக்கே உரியது. சுற்றுப்புற வெப்பத்துக்கும் உடம்பின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அது பிழைக்கிறது. கத்திரி வெயிலில் சுவரே 37 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நம்மை அதற்குச் சரியாகத் தெரியாது. புதிதாக வரும் ரேடார் வகைச் சென்சார் சும்மா உட்கார்ந்திருப்பவரின் மூச்சசைவைக்கூடக் கண்டுகொள்ளும். சில நேரம் சுற்றும் மின்விசிறியையும் மனிதர் என்று நினைத்துக்கொள்ளும்.

குக்கர் சொல்லித்தருவது

குக்கர் மூன்று விசில் வரும் வரை நீங்கள் அதன் பக்கத்தில் நிற்பதில்லை. ஹாலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் காது ஒரு மூலையில் எண்ணிக்கொண்டிருக்கும். மூன்றாவது விசிலுக்கு உடம்பு தானாக எழுந்திருக்கும்.

கவனத்தின் ஓரத்தில் இருந்துகொண்டு, தேவைப்படும்போது மட்டும் நடுவுக்கு வந்து, மறுபடி ஓரத்துக்குப் போய்விடும் இந்தக் குணத்துக்கு ஆங்கிலத்தில் ‘காம் டெக்னாலஜி’ என்று பெயர் வைத்தார்கள். அமைதியான தொழில்நுட்பம். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் இருந்த மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995இல் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் காட்டிய உதாரணம் ஒரு பிளாஸ்டிக் கயிறு. நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் செய்தது. எட்டடி நீளக் கயிற்றை ஒரு சின்ன மோட்டாரில் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, மோட்டாரை அலுவலகத்தின் கணினி நெட்வொர்க் கேபிளோடு இணைத்திருந்தார். தகவல் கொஞ்சமாகப் போனால் கயிறு அவ்வப்போது துடிக்கும். அதிகம் போனால் சுழன்று சுழன்று சத்தம் போடும். யாரும் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. நெட்வொர்க் எப்படி இருக்கிறது என்று நடந்து போகிற வழியிலேயே தெரியும்.

இதோடு இப்போதைய ஸ்மார்ட் சாமான்களை வைத்துப் பாருங்கள். ‘உங்கள் துணி துவைத்து முடிந்தது’ என்று போனில் ஒரு மணி, ‘வாசலில் அசைவு தெரிகிறது’ என்று ஒரு மணி. அசைந்தது தெருநாய். நாள் முழுக்க மணி அடித்தால் என்ன ஆகும் என்பது மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எப்போதோ தெரிந்துபோன விஷயம். ஓயாமல் கத்தும் கருவிகளுக்கு நடுவில் வேலை செய்பவர்களுக்கு, உண்மையான அலாரமும் காதில் ஏறாமல் போகும் அபாயம் உண்டு. வீட்டிலும் அதேதான். ஆகவே போனுக்கு மணி அடிக்கும் உரிமையைக் கஞ்சத்தனமாகக் கொடுங்கள். என் வீட்டில் மூன்றுக்குத்தான் கொடுத்திருக்கிறேன்: கேஸ் கசிவு, இரவில் திறந்து கிடக்கும் வாசல் கதவு, ஃப்ரீசர் நின்றுபோவது. டேங்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதற்கு அடுப்படிச் சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று சின்ன விளக்குகள். பார்த்தால் தெரியும், பார்க்காவிட்டால் தொந்தரவு இல்லை.

சுவிட்சைத் தட்டுவது ஒரு புகார்

1990களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரில், மைக்கேல் மோசர் என்ற பேராசிரியர் தன் வீட்டையே சோதனைக்கூடம் ஆக்கினார். பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை மாற்றிக் கட்டிய வீடு. விளக்கு, ஹீட்டர் எல்லாவற்றையும் ஒரு நியூரல் நெட்வொர்க், அதாவது வீட்டுக்காரரின் பழக்கத்தைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் மென்பொருள், பார்த்துக்கொண்டது. அது இரண்டு செலவுகளைக் கணக்கிட்டது. ஒன்று மின்சாரமும் எரிவாயுவும். மற்றது வீட்டுக்காரரின் அசௌகரியம். அசௌகரியத்தை எப்படி அளப்பது? அவர் எழுந்து வந்து சுவிட்சை மாற்றினால், கருவி செய்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். கணினியே இல்லாமல்கூட நாம் பயன்படுத்தலாம். ஏதாவது ஒன்றை ஆட்டோமேட் செய்தபின் ஒரு வாரம் கவனியுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அதை எத்தனை முறை கையால் மாற்றுகிறார்கள்? ஏசி தானாக 24 டிகிரிக்குப் போகிறது, பாட்டி ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் ரிமோட்டைத் தேடி அணைக்கிறார் என்றால், பாட்டி புரியாதவர் என்று ஆகாது. விதி தப்பு. தூங்கும்போது நம் உடம்பின் உள்வெப்பம் மெல்லக் குறையும், முன்னிரவில் இதமாக இருந்த குளிர் நாலு மணிக்கு நடுக்கும். மூன்று மணிக்கு ஏசி நின்று ஃபேன் மட்டும் ஓடட்டும் என்று மாற்றிவிட்டால் ரிமோட் தேடும் படலம் முடிந்தது.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கையால் மாற்ற ஓர் இடம் இருக்க வேண்டும், அது எல்லோருக்கும் எட்ட வேண்டும். சுவர் சுவிட்சைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் போனுக்குள் கொண்டுபோவதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் பெரிய தப்பு. போன் சார்ஜில் இருக்கும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் அந்த ஆப் இருக்காது. லீவுக்கு வந்த அத்தைப் பெண் இருட்டில் நிற்பாள். ஸ்மார்ட் சுவிட்ச் போடுவதாக இருந்தால், பழைய சுவிட்சும் வழக்கம்போல வேலை செய்யும்படி அதன் பின்னால் பொருத்தும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

போனுக்குள் போவதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆப் யார் போனில் இருக்கிறதோ அவர் கையில் வீடு. குடும்பத்தில் பெரும்பாலும் ஓர் ஆண், அதையெல்லாம் மாட்டியவர். பிரிந்துபோன கணவன் தூரத்திலிருந்து வீட்டின் ஏசியையும் விளக்கையும் கதவின் பூட்டையும் மாற்றி மனைவியை அலைக்கழிக்கும் சம்பவங்களைப் பற்றி 2018இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. கருவி பழுதாகவில்லை, சொன்னபடிதான் செய்தது. எனவே வடிவமைக்கும்போதே கேட்க வேண்டும்: இந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இதை நிறுத்தத் தெரியுமா, நிறுத்த உரிமை உண்டா?

பார்த்துக்கொள்வதும் பார்த்துக்கொண்டேயிருப்பதும்

பிள்ளைகள் வெளியூரில், பெற்றோர் ஊரில் என்று இருக்கும் வீடுகளில் முதலில் வருவது கேமரா. "ஹால்ல ஒண்ணு வெச்சுட்டா எங்களுக்கு நிம்மதி" என்பார்கள். யாருக்கு நிம்மதி? அம்மா அதற்கப்புறம் ஹாலில் தலைமுடியை விரித்துப்போட்டு உட்கார மாட்டார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோபாவில் சாய மாட்டார்.

ஜப்பானின் சோஜிருஷி நிறுவனம் 2001இலேயே இதற்கு அழகான ஒரு வழி கண்டுபிடித்தது. தனியாக இருக்கும் முதியவருக்கு ஒரு சுடுதண்ணீர்ப் பாத்திரம். அவர் தேநீருக்குத் தண்ணீர் பிடிக்கும்போது அந்தத் தகவல் பதிவாகும், பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் போகும். அப்பா எழுந்தார், தேநீர் போட்டார். அவ்வளவுதான் தெரியும். என்ன உடுத்தியிருக்கிறார், யாரோடு பேசுகிறார் என்பது தெரியாது. கவலைக்கு எவ்வளவு தகவல் வேண்டுமோ அவ்வளவுதான்.

அதைப் பார்த்து எங்கள் அடுப்படியில் அசைவு சென்சார் ஒன்று வைத்தோம். காலை ஏழரை வரை அடுப்படியில் யாரும் நடமாடவில்லை என்றால் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். வைப்பதற்கு முன் அம்மாவிடம் கேட்டேன். கேட்காமல் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. அம்மா ஒரே கேள்வியில் என் வடிவமைப்பின் ஓட்டையைக் கண்டுபிடித்தார்: "நாங்க கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டா?" ஆமாம், நான் பதறியிருப்பேன். இப்போது வாசற்கதவுக்குப் பக்கத்தில் ‘வெளியூர்’ என்று எழுதிய ஒரு சுவிட்ச் இருக்கிறது. ‘தொந்தரவு பண்ணாதே’ என்று தோன்றும் நாட்களிலும் அம்மா அதைத் தட்டிவிடுவதுண்டு என்று சந்தேகிக்கிறேன். தட்டட்டும்.

எதைத் தொடக் கூடாது

மொட்டை மாடியில் அம்மா இருபது தொட்டிகள் வைத்திருக்கிறார். மல்லிகை, கறிவேப்பிலை, துளசி, ஒரு பிடிவாதமான ரோஜா. சொட்டுநீர்க் குழாயும் டைமரும் போட்டால் தினமும் மாடி ஏற வேண்டாமே என்றேன். "அப்ப நான் சாயங்காலம் என்ன பண்றது?" என்றார்.

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம் ‘உங்கள் அறையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், இந்தச் செடியையும் நீங்கள்தான் வளர்க்க வேண்டும்’ என்றார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கிடைத்தது, தண்ணீர் ஊற்றுவதை ஊழியர்கள் பார்த்துக்கொண்டார்கள். சில வாரங்களில் முதல் மாடியினர் அதிகச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். சின்ன ஆய்வு, இதை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் அம்மாவின் கேள்விக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் டைமர் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

வேலை குறையும் என்று வாங்கும் எல்லாம் வேலையைக் குறைப்பதும் இல்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் இதைத்தான் காட்டினார். வாஷிங் மெஷின் மாதிரிக் கருவிகள் வந்தும் வீட்டுப் பெண்களின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. துவைப்பது எளிதானதும் அடிக்கடி துவைத்தார்கள், சுத்தத்தின் எதிர்பார்ப்பும் ஏறிவிட்டது. நம் ஊரில் ரோபோ வாக்குவம் வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது ஓடுவதற்கு முன் நாற்காலியைத் தூக்கி வைக்க வேண்டும், சார்ஜர் வயரை எடுக்க வேண்டும், நிலைப்படியைத் தாண்ட முடியாமல் நின்றால் தூக்கி அடுத்த அறையில் விட வேண்டும், கடைசியில் அதன் வயிற்றைக் கழுவ வேண்டும். சிலருக்கு அதுவும் லாபம்தான், இடுப்பு வலி உள்ளவர்களுக்கு நிச்சயமாக.

கரண்ட் போனால்?

1983இல் லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தொழிற்சாலைகளைப் பற்றி ஒன்று எழுதினார். எளிதான வேலைகளை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் மனிதனுக்கு மிஞ்சுவது இயந்திரத்தால் முடியாத கஷ்டமான வேலைகள். அதையும், பழக்கம் விட்டுப்போன பிறகு, அவசரத்தில் செய்ய வேண்டும். வீட்டுக்கும் இது பொருந்தும். மூன்று வருடம் தானாக ஓடிய மோட்டார் பொங்கலன்று காலையில் நின்றால், எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது.

கம்பெனியே நின்றுபோவதும் உண்டு. வீட்டுக் கருவிகளை இணைக்கும் ரிவால்வ் என்ற ஹப்பை நெஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில் அது வெறும் டப்பா ஆனது. உங்கள் விளக்கு எரிய வேண்டும் என்ற கட்டளை கடல் கடந்து போய்த் திரும்ப வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கும் கருவிகளையும் மென்பொருளையும் தேடுங்கள். ஹோம் அசிஸ்டென்ட் போன்ற இலவச மென்பொருள் வீட்டிலிருக்கும் ஒரு சின்னக் கணினியிலேயே ஓடும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்டர்நெட் இல்லையென்றால் இது வேலை செய்யுமா?

ஆபத்தான சாமான்களைப் பற்றி இரண்டே விஷயம். 2000 வாட் கீசர் ஒன்பது ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் தாங்கும் பிளக்கைத் தவிர வேறெதையும் போடாதீர்கள். அப்புறம் கேஸ் சென்சார். சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும், எனவே சென்சார் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, அதற்குக் கூரைக்குப் பக்கத்தில். கசிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடட்டும் என்று மட்டும் விதி எழுதிவிடாதீர்கள். சுவிட்சின் ஒரு பொறி போதும். சத்தம் போடட்டும், முடிந்தால் வால்வை மூடட்டும். ஜன்னலை மனிதர்கள் திறப்பார்கள்.

எங்கள் வீட்டு மெயின் பாக்ஸ் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மோட்டார் தானாக ஓடாவிட்டால் கறுப்புச் சுவிட்சை ‘மேனுவல்’ பக்கம் திருப்பவும், முப்பது நிமிடத்தில் நிறுத்தவும். இரவு விளக்கு எரியாவிட்டால் கட்டிலுக்குப் பக்கத்திலுள்ள சிவப்புச் சுவிட்ச். அவ்வளவுதான் நான் எழுதியது. போன முறை ஊருக்குப் போனபோது பார்த்தேன், கீழே அம்மா கையெழுத்தில் பென்சிலால் இன்னொரு வரி: ‘ஒன்றும் புரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவும், இவனைக் கூப்பிட வேண்டாம்.’